ரயில் படங்கள் வாங்கும்முன்: கேசட், டிவிடி, ப்ளூ-ரே பின்னட்டையைப் படிப்பது எப்படி?

ரயில் ஆர்வலர்களுக்கென்றே வரும் படங்களைப் பெரும்பாலும் சிறு தயாரிப்பாளர்கள்தான் வெளியிடுகிறார்கள். சினிமாவைப் போல நாட்டுக்கு ஒரு பதிப்பு போட அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பிரிட்டனில் தயாரான நீராவி இன்ஜின் படம் அங்குள்ள டிவியை மனதில் வைத்தும், ஜப்பானில் தயாரான கேப் ரைடு படம், அதாவது ஓட்டுநர் கேபினிலிருந்து பாதை முழுவதையும் காட்டும் படம், ஜப்பானிய டிவியை மனதில் வைத்தும்தான் பதியப்படும். அது உங்கள் பிளேயரில் ஓடுமா, ஓடினாலும் பார்க்கும்படி இருக்குமா என்பதை வாங்குகிறவர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கான தகவலில் முக்கால்வாசி பின்னட்டையிலேயே சிறிய எழுத்தில் இருக்கும்.

பலரும் முதலில் பார்ப்பது டிவிடியா ப்ளூ-ரேயா என்பதை. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, இந்தப் படத்தை எதில் பிடித்தார்கள் என்பது.

சட்டியில் இருப்பது

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ரயில் படங்களில் இது மற்ற எந்தப் படத்தையும்விட முக்கியம். ஏனென்றால் ஆர்வலர்கள் தேடுவதே இன்று ஓடாத இன்ஜின்களையும் மூடப்பட்ட பாதைகளையும்தான். அவை அந்தக் காலத்துக் கருவியில் பிடிக்கப்பட்டவை. புதிய வட்டில் போட்டுவிட்டதால் பழைய படத்துக்குப் புதிய விவரம் வந்துவிடாது.

1950, 60-களின் காட்சிகள் 8 மி.மீ. அல்லது 16 மி.மீ. படச்சுருளில் இருக்கும். 16 மி.மீ. சட்டகத்தின் (ஃபிரேம், அதாவது சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப் படம்) பரப்பு சாதாரண 8 மி.மீ. சட்டகத்தைப் போல நாலு மடங்குக்கும் மேல். அதனால் 16 மி.மீ. சுருள் நல்ல நிலையில் இருந்து, அதைப் புதிதாக உயர்தரத்தில் ஸ்கேன் செய்திருந்தால் ப்ளூ-ரேயில் வாங்குவது நிச்சயம் பலன் தரும். இன்ஜினின் எண் பலகை, கைகாட்டிக் கம்பத்தின் ஏணிப்படி எல்லாம் தெளிவாகத் தெரியும். 8 மி.மீ. படத்துக்கு ப்ளூ-ரேயால் கிடைப்பது கொஞ்சம்தான். 8 மி.மீ. சுருள் ஒன்று ஏறக்குறைய 4 நிமிடமே ஓடும். அந்தக் காலத்து ஆர்வலர்கள் ஒவ்வொரு ரயிலையும் சில நொடிகளே பிடித்ததற்கு அதுதான் காரணம், வெட்டித் தொகுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

1980-களின் நடுவிலிருந்து 90-களின் நடுவரை எடுத்தவைதான் சிக்கலானவை. வி.எச்.எஸ்., 1985-இல் வந்த வீடியோ-8, 1989-இல் வந்த ஹை-8 போன்ற டேப் கேமராக்களில் பதிந்த காட்சிகளை இன்று என்ன செய்தாலும் அந்த அளவுத் தெளிவுதான். 1995-இல் மினி-டிவி (MiniDV) டேப் வந்த பிறகு டிவிடிக்கு ஈடான தெளிவு வீட்டுக் கேமராவிலேயே கிடைத்தது. எச்டிவி (HDV), அதற்குப்பின் ஏவிசிஎச்டி (AVCHD) கேமராக்கள் வந்த 2000-களின் நடுப்பகுதிக்கு மேல் எடுத்தவை மட்டுமே பிறப்பிலேயே உயர்தரப் படங்கள். ஆகவே '1992-இன் கடைசி நாட்கள்' என்று அட்டையில் போட்டு ப்ளூ-ரேயில் விற்றால், எதில் எடுத்தது என்று கேளுங்கள். ஹை-8 என்று பதில் வந்தால் டிவிடியே போதும். 'ரீமாஸ்டர் செய்யப்பட்டது' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். சுருளைப் புதிதாக ஸ்கேன் செய்வதையும் அப்படித்தான் சொல்கிறார்கள், பழைய வீடியோ டேப்பை மென்பொருளில் பெரிதாக்குவதையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கேசட்

வட்டுக்கு மாறவே மாறாத ரயில் படங்கள் நிறைய உண்டு என்பதால் பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. படம் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடு அளவுத் தெளிவுதான். வாங்கும்போது கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் சுற்றின் ஓரத்தைப் பாருங்கள். கறுப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டும். வெள்ளைப் பொடியோ நூல்நூலான புள்ளிகளோ தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே போட்டால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும்.

கணினிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கடைகளில் விற்ற கேசட்டுகள் பலவற்றில் மேக்ரோவிஷன் என்ற நகல் தடுப்பு உண்டு. டிவியில் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பதிவு செய்யப் போனால் படம் சில நொடிக்கொருமுறை இருண்டு வெளிச்சமாகும். கேபிள் கோளாறு என்று நினைத்து வயரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

விசிடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 352×288 புள்ளிதான், ஒரு வட்டில் 74 நிமிடம். வேறு எதிலும் கிடைக்காத காட்சி என்றால் மட்டும் வாங்கலாம்.

25-ஆ, 30-ஆ? பிறகு மண்டல எண்

இவை இரண்டும் வேறு வேறு பூட்டுகள். ஒன்று திறந்தால் மற்றதும் திறந்துவிடும் என்று நினைப்பதுதான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம்.

முதல் பூட்டு ஒளிபரப்பு முறை. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தெற்காசியா முதலிய இடங்களில் பி.ஏ.எல்.: நொடிக்கு 25 சட்டகம், டிவிடியில் 720×576 புள்ளி. அமெரிக்கா, கனடா, ஜப்பான் முதலிய இடங்களில் என்.டி.எஸ்.சி.: நொடிக்கு 29.97 சட்டகம், 720×480 புள்ளி. பி.ஏ.எல். நாடுகளில் விற்ற டிவிடி பிளேயர்களும் டிவிகளும் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். வட அமெரிக்காவில் விற்றவற்றில் பல, பி.ஏ.எல். வட்டைத் தொடாது. கணினிக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது பூட்டு மண்டல எண், அதாவது எந்தப் பகுதியில் விற்ற பிளேயரில் வட்டு ஓடலாம் என்பதற்கான எண். டிவிடியில் அமெரிக்கா, கனடா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியா, லத்தீன் அமெரிக்கா 4, இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5, சீனா 6. ஐரோப்பாவும் ஜப்பானும் ஒரே மண்டலத்தில் இருந்தும் ஒளிபரப்பு முறை வேறு என்பதைக் கவனியுங்கள். 'மண்டலம் 2' என்று மட்டும் போட்டிருந்தால் பாதித் தகவல்தான் கிடைத்திருக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், சிறு தயாரிப்பாளர்களின் ரயில் டிவிடிகளில் பெரும்பாலானவற்றுக்கு மண்டலப் பூட்டே போடுவதில்லை. பின்னட்டையில் '0' என்றோ 'எல்லா மண்டலமும்' என்றோ இருக்கும். பெரிய நிறுவனங்கள் வெளியிடும் காப்பகப் படங்களில்தான் பூட்டு இருக்கும். பூட்டிய வட்டைக் கணினி டிரைவில் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: டிரைவின் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம், ஐந்தாவது மாற்றத்தோடு அது அந்த எண்ணிலேயே நின்றுவிடும்.

ப்ளூ-ரேக்கு மூன்றே மண்டலம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. 2016-இல் வந்த 4கே ப்ளூ-ரே வட்டுகளுக்கு மண்டலமே கிடையாது. ப்ளூ-ரேயில் பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. தொல்லை போய்விட்டது என்று சொல்வதுண்டு. ரயில் படங்களில் அது முழு உண்மையில்லை. சினிமா நொடிக்கு 24 சட்டகம், உலகமெங்கும் ஓடும். ஐரோப்பிய ரயில் படங்கள் வீடியோ கேமராவில் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 முறை பதியும் விதத்தில், எடுத்தவை. வட்டில் '1080ஐ/50' (1080i/50) என்றிருந்தால், வட அமெரிக்காவுக்கென்று விற்ற பல பிளேயர்களில் படம் வராது. மண்டலம் சரியாக இருந்தும் திரை கறுப்பாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ப்ளூ-ரே பிளேயர் டிவிடியையும் படிக்கும். டிவிடி பிளேயர் ப்ளூ-ரேயைப் படிக்காது. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தால் எந்த வட்டு எது என்று பார்த்துப் போடுங்கள்.

வட்டில் எத்தனை மணி நேரம் அடைத்திருக்கிறார்கள்?

அட்டையில் '4 மணி நேரம்!' என்று பெரிதாகப் போட்டிருந்தால் மகிழ்ச்சி வேண்டாம். எத்தனை வட்டு, வட்டில் தகவல் பதியும் அடுக்கு ஒன்றா இரண்டா என்று பாருங்கள்.

ஓர் அடுக்கு டிவிடி 4.7 ஜிபி, ஈரடுக்கு 8.5 ஜிபி. ஓர் அடுக்கு ப்ளூ-ரே 25, ஈரடுக்கு 50. கணக்கு எளிது: ஜிபியை 8-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் பெருக்கி, மொத்த நொடிகளால் வகுத்தால் ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை மெகாபிட் தகவல் கிடைக்கிறது என்று வரும். 4.7 ஜிபி வட்டில் 2 மணி நேரம் என்றால் 5.2 மெகாபிட். 3 மணி நேரம் என்றால் 3.5. 4 மணி நேரம் என்றால் 2.6. இதிலேயே ஒலியும் அடக்கம். சாதாரண டால்பி ஸ்டீரியோவுக்கு 0.2 போகும், சுருக்காத பிசிஎம் ஒலி என்றால் 1.5-ஏ போய்விடும். டிவிடியில் படத்துக்கு அதிகபட்சம் 9.8 வரை கொடுக்க முடியும் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், 2.6 எவ்வளவு வறுமை என்று புரியும்.

இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு 3 மெகாபிட் தாராளம். பின்னால் உள்ள சுவர் அசையாது. அதை ஒரு முறை எழுதிவிட்டால் அடுத்த சட்டகங்களில் 'முன்பு போலவே' என்று குறிப்பு எழுதினால் போதும். டிவிடியின் எம்பெக்-2 சுருக்கமுறை சட்டகத்தை 16×16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, 'இந்தக் கட்டம் இந்தப் பக்கம் நகர்ந்தது' என்று பதிந்துகொள்கிறது. ஸ்டேஷனில் கேமராவை நிறுத்தி வைத்து, ரயில் கடந்து போவதை எடுத்த காட்சியைக்கூட ஓரளவு சமாளித்துவிடும். கேப் ரைடில் அது தோற்றுப்போகும். பாதை மறையும் புள்ளியிலிருந்து ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு கம்பமும் பெரிதாகிக்கொண்டே ஓரத்துக்கு வருகின்றன. நகர்ந்தது என்று எழுத வழி உண்டு, வளர்ந்தது என்று எழுத வழியில்லை. திரையில் அசையாத இடமே கிடையாது.

ஒரு கேப் ரைடின் மாதிரிக் காட்சி கிடைத்தால் வானத்தையும் மலையையும் பார்க்காதீர்கள். திரையின் கீழ் மூன்றிலொரு பங்கில், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பாருங்கள். வேகத்தில் ஜல்லி கோடுகோடாக ஓட வேண்டும்; அந்தக் கோட்டுக்குள் மணல்மணலாக ஒரு சொரசொரப்பு தெரிய வேண்டும். அங்கே சாம்பல் நிறச் சதுரங்கள் தெரிந்து, அரை நொடிக்கொருமுறை படம் ஒரு துடிப்போடு தெளிந்து மறுபடி கலங்கினால் மெகாபிட் போதவில்லை. முழுமையாக எழுதப்படும் சட்டகம் அந்த இடைவெளியில் ஒருமுறைதான் வருகிறது. அது வரும்போது மட்டும் படம் தெளிகிறது. ரயில் ஸ்டேஷனில் நின்றதும் தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டையின் போல்ட் வரை பளிச்சென்று தெரிந்து, கிளம்பியதும் எல்லாம் கரைந்துபோவதும் இதே நோய்தான். சுரங்கப்பாதையின் இருட்டு, நீராவிப் புகை, பனிப்பொழிவு ஆகியவையும் விளிம்பே இல்லாத காட்சிகள் என்பதால் முதலில் கட்டம் கட்டமாக உடையும்.

கேப் ரைடுக்கு டிவிடியில் 5 மெகாபிட்டுக்குக் கீழே வாங்கத் தகாது என்பது எங்கள் கருத்து. 3 மணி நேரப் பயணம் ஈரடுக்கு வட்டில் வந்தால் 6.3 கிடைக்கும், நல்லது. அதே பயணம் 25 ஜிபி ப்ளூ-ரேயில் 18.5 மெகாபிட், மேலும் ப்ளூ-ரேயில் வழக்கமாகப் பயன்படும் எச்.264 சுருக்கமுறை எம்பெக்-2-ஐவிடத் திறமையானது. நார்வேயின் பொதுத் தொலைக்காட்சி 2009-இல் ஒளிபரப்பிய பெர்கன் – ஆஸ்லோ ரயில் பயணம் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அத்தகைய நீளமான பயணம் ஒரே டிவிடியில் வருகிறது என்று யாராவது விற்றால் வாங்காமல் விடுவதே மேல்.

சக்கரம் வட்டமாக இருக்கிறதா?

பழைய படங்கள் 4:3 வடிவம், புதியவை 16:9. டிவி தானாகவே 4:3 படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பிவிட்டால் எல்லாம் பருத்துத் தெரியும். மனித முகத்தைவிட இதைக் கண்டுபிடிக்க ரயிலில் சுலபமான வழி உண்டு. இன்ஜின் பக்கவாட்டில் தெரியும் காட்சியில் படத்தை நிறுத்தி, பெரிய சக்கரத்தைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டும். அகலவாட்டில் முட்டையாக இருந்தால் டிவி அமைப்பில் 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்று மாற்றுங்கள். அமைப்பை மாற்றியும் முட்டையாகவே இருந்தால் தயாரிப்பிலேயே இழுத்துவிட்டார்கள். இன்னொரு தவறு, 4:3 படத்தின் மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்குவது. புகைபோக்கியின் தலை போய்விடும். பின்னட்டையில் '4:3' என்று வெளிப்படையாகப் போட்டிருக்கும் பழைய படம் நேர்மையானது.

வேகமும் அப்படித்தான். ஒலியில்லாத சாதாரண 8 மி.மீ. படம் பெரும்பாலும் நொடிக்கு 16 சட்டகத்திலும், 1965-இல் வந்த சூப்பர்-8 நொடிக்கு 18 சட்டகத்திலும் எடுக்கப்பட்டவை. அவற்றை 25-இல் அப்படியே ஓட்டினால் ரயில் முறையே 56, 39 சதவீதம் கூடுதல் வேகத்தில் போகும். சரக்கு ரயில் எக்ஸ்பிரஸ் ஆகிவிடும். பிளாட்பாரத்தில் நடப்பவர்கள் தத்தித் தத்தி ஓடினால் இந்தத் தவறு நடந்திருக்கிறது. ஒலியோடு 24 சட்டகத்தில் எடுத்த படம் பி.ஏ.எல். டிவிடியில் 25-இல் ஓடுவதால் 4 சதவீதம்தான் கூடும். பார்வைக்குத் தெரியாது, ஆனால் விசிலின் சுருதி கொஞ்சம் ஏறியிருக்கும். ஒலியில்லாத சுருள்களுக்கு இன்ஜின் சத்தத்தைப் பிற்பாடுதான் சேர்க்கிறார்கள். உருளைகளின் (சிலிண்டர்) 'சக் சக்' ஒலி சக்கரச் சுழற்சியோடு சேர்ந்து வருகிறதா என்பதில் தயாரிப்பாளரின் கவனம் தெரிந்துவிடும்.

இன்ஜினின் எண் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல இருந்தால் சுருளை மறுபுறம் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஆரங்கள் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். கேமராவின் சட்டக வேகத்துக்கும் சக்கரத்தின் வேகத்துக்கும் உள்ள பொருத்தத்தால் வருவது அது. எந்த வட்டிலும் வரும்.

சீப்புப் பல்

'50ஐ', '1080ஐ' என்பதில் வரும் 'ஐ' எழுத்தைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகளை அடுத்த கணத்திலும் பதியும் முறை அது. நொடிக்கு 50 தனித்தனிக் கணங்கள் கிடைப்பதால் ரயில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் ஓட்டம் இருக்கும். டிவியும் பிளேயரும் இரண்டு வரித் தொகுதிகளையும் சரியாகச் சேர்த்துக்கொள்ளும். கணினியில் பார்க்கும்போதுதான் பெட்டியின் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். விஎல்சி பிளேயரில் 'டீஇன்டர்லேஸ்' வசதியைப் போட்டு, முறையில் 'யாடிஃப் 2எக்ஸ்' என்பதைத் தேர்ந்தால் 50 கணங்களும் திரும்பக் கிடைக்கும்.

சரிசெய்ய முடியாதது வேறு ஒன்று. பி.ஏ.எல். படத்தை மலிவாக என்.டி.எஸ்.சி.க்கு மாற்றும்போது பக்கத்துச் சட்டகங்களைக் கலந்துவிடுவார்கள். ஓடும் பெட்டியின் ஜன்னல் ஒவ்வொன்றும் இரட்டையாகத் தெரியும். இரண்டு பதிப்பும் கிடைத்தால் படம் எந்த நாட்டில் எடுக்கப்பட்டதோ அந்த நாட்டு முறையிலேயே வாங்குங்கள். இடையிடையே சட்டகங்களைத் தானே உருவாக்கிச் செருகும் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதி டிவியில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். வேலிக் கம்பிகளையும் சக்கர ஆரங்களையும் அது குழப்பும்.

அச்சு வட்டா, எரித்த வட்டா?

குறைந்த எண்ணிக்கையில் விற்கும் படங்களைத் தொழிற்சாலையில் அச்சடிக்காமல் டிவிடி-ஆர் வட்டில் எரித்து, அதாவது 'பர்ன்' செய்து, தருவது வழக்கம். அடிப்பக்கம் வெள்ளியாக இருந்தால் அச்சு வட்டு; ஊதாச் சாயல் அடித்தால் எரித்தது. எரித்தது என்பதற்காகத் தள்ள வேண்டாம், அரிய பாதைகளின் படங்கள் அப்படித்தான் கிடைக்கும். அதில் தகவல் இருப்பது சாயத்தில். வெயிலும் சூடும் அதைக் கெடுக்கும். பழைய பிளேயர் சில, இதைப் படிக்கத் திணறும். காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வட்டின் சமநிலை கெட்டு, ஓரத்தில், அதாவது படத்தின் கடைசிப் பகுதியில், திக்கும். வாங்கிய வாரமே முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் ஓடியதை வைத்து முடிவு கட்டாதீர்கள். துடைப்பதானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில். சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி, பிழைத்திருத்தம் வேலை செய்யாது.

பின்னட்டையில் இன்னொரு சிறிய வரியையும் தேடுங்கள்: இரண்டு ஒலித்தடம். ஒன்றில் வர்ணனை, மற்றதில் இன்ஜின் சத்தம் மட்டும். இரண்டாம் முறை பார்க்கும்போது வர்ணனையை அணைக்க வழியில்லாத படம் சலித்துப்போகும்.

கோப்பாக வாங்கினால்

பதிவிறக்கத்தில் மண்டலமும் இல்லை, ஒளிபரப்பு முறைத் தகராறும் பெரும்பாலும் இல்லை. ப்ளூ-ரே தரத்தில் இடமில்லாத 1080 அளவு, நொடிக்கு 50 முழுச் சட்டகம் என்ற வடிவம் இங்கே கிடைக்கும். ரயிலின் ஓட்டத்துக்கு அதுவே சிறந்தது. 'வாங்கு' என்ற பொத்தான் கோப்பைக் கையில் கொடுக்கிறதா, அவர்கள் தளத்தில் பார்க்கும் அனுமதியை மட்டும் கொடுக்கிறதா என்று பாருங்கள். பின்னது என்றால் தளம் மூடும் நாளில் படமும் போய்விடும். மெகாபிட் கணக்கு இங்கேயும் செல்லும்: 3 மணி நேரம், 10 மெகாபிட் என்றால் 13.5 ஜிபி. அதைப் பென் டிரைவில் போட்டு டிவியில் செருகப் போகிறவர்கள், டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது என்பதை நினைவில் வையுங்கள். டிரைவ் காலியாக இருந்தாலும் கணினி கோப்பைப் போட மறுக்கும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி ஃபார்மேட் செய்தால் போதும். உங்கள் டிவி அதைப் படிக்குமா என்று மட்டும் கையேட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.